முருங்கைக் கொப்பும் மருமகனின் பார்சல்களும்

என் மருமகனோடு நான் முதன்முதலாக நேருக்கு நேர் கதைத்தபோது கோழிக்கூட்டின் மேல் மல்லாந்து கிடந்தேன். முக்காடு கழுத்துக்கு வந்திருந்தது. கையில் கயிறு இருந்தது. கூட்டுக்குள் கோழிகள் ஊரைக் கூட்டிக்கொண்டிருந்தன. அந்த நிலைமைக்கு நான் எப்படி வந்து சேர்ந்தேன் என்பதை இதுவரை என் மகள்தான் எல்லாருக்கும் சொல்லி வந்தாள். அவள் சொல்லச் சொல்லக் கோழிக்கூடு ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் உயர்ந்துகொண்டே போகிறது. ஆகையால் இந்த முறை நானே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் கல்முனைப் பக்கத்தில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். வீடு பெண்ணுக்குத்தான். தாய்க்காரி அன்றோடு தன் வீட்டிலேயே பின்பக்கத்துக்குப் போய்விட வேண்டும். மாமியார் மருமகனுக்கு முன்னால் வந்து நிற்பதில்லை, நேரே கதைப்பதும் இல்லை. மற்ற வீடுகளில் இந்த வெட்கம் ஒரு பெருநாளோடு, அல்லது ஒரு காய்ச்சலோடு தேய்ந்து போய்விடும். எனக்குத் தேயவில்லை. நான் பிறவிக் கூச்சக்காரி. சின்னப் பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிடும்போது "உள்ளேன்" சொல்ல வெட்கப்பட்டு, வந்த நாளிலும் வராத பிள்ளையாக இருந்தவள். கடல் ஊருக்குள் ஏறி வந்த சுனாமி வருஷம் முகாமில் பருப்பும் பால்மாவும் கொடுக்க லொறி வரும். நான் வரிசையின் கடைசியில் போய் நிற்பேன். என் முறை வரும்போது லொறிக்காரர் கதவைச் சாத்திக்கொண்டிருப்பார்.

கடல் என் வீட்டுக்காரரையும் கடற்கரை வீட்டையும் ஒரே காலையில் கொண்டுபோனது. அதை இங்கே எழுதப்போவதில்லை. பிறகு மெயின் றோட்டுக்கு மேற்கே, வயல் பக்கமாக எங்களுக்கு வீடு கிடைத்தது. வெறும் மணல் வளவு. நான் செய்த முதல் வேலை, தெரிந்த வீடு ஒன்றிலிருந்து ஒரு முருங்கைக் கொப்பை ஒடித்து வந்து வேலியோரம் குத்தியதுதான். முருங்கைக்கு அவ்வளவு போதும். ஒரு வருஷத்தில் இலை, இரண்டாம் வருஷத்தில் காய். மூன்றாம் வருஷத்தில் டெலிபோன் வயர் வந்தபோது, மரத்தின் ஒரு கொப்பு அந்த வயரை விசாரிக்கப் போனதுபோல நீண்டு நின்றது.

என் ஒரே மகளைக் கலியாணம் முடித்து வந்த மருமகன் கொம்பியூட்டர் படித்தவர். கொழும்பில் ஒரு கொம்பனிக்கு வேலை செய்தார். எங்கள் வழக்கம் தெரிந்த அவருடைய மேலதிகாரி, வீட்டிலிருந்தே வேலை செய்யும்படி விட்டிருந்தார். ஹோலில் ஒரு மேசை, அதன்மேல் கொம்பியூட்டர், அதற்குப் பக்கத்தில், டெலிபோன் வயர் வந்து சேரும், பச்சை லைட் மினுங்கும் ஒரு சின்னப் பெட்டி. ஹோலுக்கும் குசினிக்கும் நடுவில் ஒரு பூப்போட்ட சீலை தொங்கியது. அதற்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான். இடையில் மகள்.

"மகள், தேத்தண்ணி வேணுமா எண்டு கேளு" என்பேன். சீலைக்கு அங்கால் இருக்கும் மருமகனுக்கு நான் சொல்வது நன்றாகக் கேட்கும். ஆனாலும் மகள் கேட்கும்வரை காத்திருந்து, "இப்ப வேணாம் எண்டு சொல்லு" என்பார். அது எனக்கும் கேட்கும். நானும் காத்திருப்பேன்.

"உம்மா, ரெண்டு பேருக்கும் காது இரிக்கி. நான் என்ன தபால் கந்தோரா?" என்பாள் மகள்.

அவள் இல்லாத நேரத்தில் எங்களுக்கிடையில் கதைத்தது பீங்கான்தான். சோறு போட்டு சீலைக்குக் கீழால் தள்ளிவிடுவேன். பீங்கான் வெறுமையாகத் திரும்பி வந்தால், மனிதருக்குப் போதவில்லை, நாளைக்குக் கூட்டிப் போட வேண்டும் என்று அர்த்தம். மிச்சம் வந்தால் குறைக்க வேண்டும். கலியாணமான புதிதில் பீங்கான் ஒவ்வொரு நாளும் வழித்துத் துடைத்ததுபோல் வந்தது. நானும் கூட்டிக்கொண்டே போனேன். சவளக்கடை அரிசிச் சோறு, ஆணம், பொரித்த மீன், அதற்கு மேல் முட்டை. மாமியார் வீட்டில் மிச்சம் வைப்பது மரியாதையில்லை என்று அவருடைய தாய் சொல்லி அனுப்பியிருந்தார் என்பது எனக்குத் தெரியாது. மனிதர் மரியாதைக்காக உயிரைக் கொடுத்து விழுங்கியிருக்கிறார்.

பிறகு ஒரு நாள் பீங்கான் மிச்சத்தோடு வந்தது. பாதிச் சோறு கிடந்தது. மீன் தொடப்படவில்லை. கத்தரிக்காய் ஓரமாக ஒதுக்கப்பட்டிருந்தது. நான் கதவில் சாய்ந்து நின்று அதைப் பார்த்தேன். சோறு பிடிக்கவில்லை, மீன் பிடிக்கவில்லை, கத்தரிக்காய் பிடிக்கவில்லை. அடுத்த நாள் சோற்றுக்காகப் பாதி குறைத்தேன், மீனுக்காக அதில் பாதி குறைத்தேன், கத்தரிக்காய்க்காக அதிலும் பாதி. பீங்கானில் ஒரு சின்னப் பிள்ளை சாப்பிடுகிற அளவு இருந்தது. அது வெறுமையாக வந்தது. சரி, இதுதான் அளவு என்று நினைத்தேன். அவசரப்படக்கூடாது என்று அதன்பிறகு எப்போதாவது ஒரு கரண்டி கூட்டினேன். மருமகனின் சேர்ட் கொலர் தளர்ந்து வருவதைச் சீலை இடுக்கால் பார்த்து, வேலைக் கவலை போலும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

வேலைக் கவலையும் இல்லாமல் இல்லை. அது நாட்டில் சண்டை முடிந்த வருஷம். அவருடைய கொம்பனி, தூர இடத்து ஆஸ்பத்திரிகளில் எடுக்கும் படங்களைக் கொழும்புக்கு அனுப்புகிற ஒரு புரோகிராமைச் செய்து கொடுத்திருந்தது. அதில் படம் எவ்வளவு வேகமாகப் போக வேண்டும் என்று தீர்மானிக்கிற பகுதியை எழுதியவர் என் மருமகன். மகள் எனக்கு அதைத் தேங்காய் துருவிக்கொண்டே சொல்லித் தந்தாள். ஒரு பெரிய படத்தை முழுசாக அனுப்ப ஏலாதாம். துண்டு துண்டாக வெட்டிப் பார்சல் பார்சலாக அனுப்ப வேண்டுமாம். ஒவ்வொரு பார்சலுக்கும் அங்கால் இருந்து "கிடைத்தது" என்று பதில் வரும். பதில் ஒழுங்காக வந்தால் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி அனுப்பும். ஏதாவது பார்சல் தொலைந்தால், வழியில் நெரிசல் என்று எடுத்துக்கொண்டு பாதியாகக் குறைத்துக்கொள்ளும்.

எனக்கு இது விளங்கியது. கடல் வந்த பிறகு எல்லாப் பக்கத்திலிருந்தும் சாமான் லொறிகள் ஒரே நேரத்தில் எங்கள் ஒற்றை றோட்டில் ஏறி, ஒன்றும் அசைய ஏலாமல் கிடந்ததை நான் பார்த்திருக்கிறேன். பின்னால் வருபவர்கள் கொஞ்சம் அடங்கினால்தான் முன்னால் இருப்பவர்களுக்கு வழி. அதைக் கொம்பியூட்டருக்கும் யாரோ சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

ஆனால் மருமகன் சொல்லிக் கொடுத்ததில் எங்கோ பிழை இருந்தது. தூர இடங்களிலிருந்து முறைப்பாடு வந்தது. படம் முதலில் குதிரை போல் ஓடுகிறது, பிறகு நத்தையாகிவிடுகிறது, எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் திரும்பக் குதிரையாவதில்லை. கொழும்புக் கந்தோரில் வேண்டுமென்றே அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பார்சல்களைத் தொலைத்துப் பார்த்தார்களாம். அங்கே எல்லாம் குதிரைதான்.

மேலதிகாரி பொறுமை இழந்தார். இந்த மாதம் முடிவதற்குள் பிழையைப் பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் வீட்டுவேலையை விட்டுவிட்டுக் கொழும்புக்கே குடிவர வேண்டும் என்று சொல்லிவிட்டார். மருமகன் அதை மகளிடம் மெதுவாகத்தான் சொன்னார். சீலைக்கு மெதுவாகச் சொல்வதும் சத்தமாகச் சொல்வதும் ஒன்றுதான்.

அவர் போனால் மகளும் போவாள். மகள் அப்போது வயிற்றில் பிள்ளையோடு இருந்தாள். முதல் பிள்ளைப்பேறு தாய் வீட்டில்தான் என்பது எங்களுக்குச் சட்டம். அதை விடுங்கள், சண்டை முடிந்தும் கொழும்புக்குப் போகிற பஸ்ஸை மறித்து மறித்து ஆட்களை இறக்கிச் சோதித்துக்கொண்டிருந்த காலம். வாடகை அறைக்குப் போனால் பொலிஸில் போய்ப் பதிய வேண்டும். கடல் மிச்சம் வைத்த ஒரேயொரு ஆள் எனக்கு அவள்தான். அவளை அந்த வழியில் ஏற்றி அனுப்பிவிட்டு, இந்த வளவில் நானும் கோழிகளும் மட்டும் இருப்பதை நினைத்தபோது கை வேலையில் ஓடவில்லை.

அந்த மாதம் கச்சான் காற்று தொடங்கியது. மேற்கே வயல்பக்கமிருந்து சுடச்சுட வீசுகிற அந்தக் காற்றுக்கு முருங்கைக் கொப்பு ஆடி டெலிபோன் வயரில் தட்டும். தட்டும்போது பச்சை லைட் விக்கல் எடுப்பதுபோல் துடிக்கும். ஒரு பின்னேரம் மருமகன் மகளிடம் சொன்னது எனக்குக் கேட்டது. நல்ல லைனில் அந்தப் பிழை வெளியே வராதாம். எங்கள் லைன்தான் கூடாத லைன், கொழும்பில் ஒளிந்துகொள்கிற பிழை எங்கள் வீட்டில் காற்றடித்தால் வெளியே வந்து நிற்கிறதாம். அதைப் பிடிக்கும்வரைக்கும் இந்த லைன் நல்லதாகிவிடக் கூடாது என்று அவர் சொன்னார். அவருக்கு உதவி செய்வதாக நினைத்து, லைனைத் திருத்தச் சொல்லி மேலதிகாரி முறைப்பாடு கொடுத்திருந்தது அவருக்குத் தெரியாது.

அடுத்த நாள் வெள்ளிக்கிழமை. மருமகன் ஜும்ஆத் தொழுகைக்குப் போயிருந்தார். மகளைக் கூட்டிக்கொண்டு, எனக்கு அக்கா முறையான பக்கத்து வீட்டு ராத்தா கிளினிக்குப் போயிருந்தார். வாசலில் ஏணியோடு ஒரு மனிதர் வந்து நின்றார். தம்பிலுவில் பக்கத்துத் தமிழ் ஆள். நல்ல மனிதர், பார்த்தால் தெரிந்தது. இடுப்பில் கத்தி இருந்தது.

"அம்மா, லைன் பாக்க வந்திருக்கன். இந்த முருங்கக் கொப்புத்தான் வயர்ல தட்டுது. வெட்டினாச் சரி" என்றார்.

எனக்கு வெளி ஆண்களோடு கதைத்துப் பழக்கமில்லை. மீன்காரரிடம்கூடக் கதவுக்குப் பின்னால் நின்று கையை மட்டும் நீட்டுகிறவள். ஆனால் அந்தக் கத்தி கொப்பில் பட்டால் என் மகள் கொழும்பு பஸ்ஸில் ஏறுவாள் என்பது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. கதவைப் பிடித்துக்கொண்டு, அதற்குப் பின்னாலிருந்து சொன்னேன்.

"ஆம்பிளை இல்லாத வீடு, தம்பி."

"நான் வீட்டுக்குள்ள வரல்லம்மா. கொப்பத்தான் வெட்டப்போறன்."

"கொப்பும் ஆம்பிளை இல்லாத வீட்டுக் கொப்புத்தான்."

அந்தச் சட்டத்தை அவர் இதற்குமுன் கேள்விப்பட்டிருக்கவில்லை. ஆனால் எங்கள் ஊர்களுக்கு வந்து போகிற மனிதர்கள் இப்படியான விஷயத்தில் எதிர்க்கேள்வி கேட்பதில்லை. ஏணியைத் தோளில் வைத்தார். மனம் கேளாமல் ஒரு கோப்பைத் தேத்தண்ணியும் மருமகனுக்கு வைத்திருந்த வட்டிலாப்பத்தையும் கதவிடுக்கால் நீட்டினேன். இரண்டையும் முடித்துவிட்டு, ஆம்பிளை இருக்கும்போது வருவதாகச் சொல்லிப் போனார்.

பிறகு மகள் இதை மருமகனிடம் சொன்னபோது சீலைக்கு அங்கால் ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. அவர் சிரித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. "மாமி பெரிய உதவி செஞ்சிருக்கா எண்டு சொல்லு" என்றார். மகள் தன் இரண்டு காதையும் தொட்டுக் காட்டினாள்.

லைன் தப்பியது. ஆனால் காற்று தன் பாட்டுக்கு வீசுவதுதான் பிரச்சினையாக இருந்தது. கொப்பு எத்தனை தரம் தட்டியது, எப்போது தட்டியது என்று உள்ளே இருக்கும் மருமகனுக்குத் தெரியாது. அடி மேல் அடி விழுவதால்தான் படம் நத்தையாகிறதா, இல்லை ஒரே அடியிலேயே நத்தையாகிறதா என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. வயரைக் கழற்றி மாட்டினால் பெட்டியே செத்துப்போய் உயிர் வர நேரமெடுக்கும், அது இந்த விக்கல் ஆகாது. ஆகவே அவர் காற்றில்லாத ஒரு காலையில் ஏறிக் கொப்பில் ஒரு நைலோன் கயிற்றைக் கட்டினார்.

அவரே கயிற்றை இழுத்துவிட்டு ஓடிவந்து பார்த்தால் அதற்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது. மகளைக் கயிறு இழுக்க விடக் கூடாது. மிச்சம் இருந்தது நான். மருமகன் என்னிடம் கேட்கவில்லை, எப்படிக் கேட்பார்? கயிற்றின் நுனியைக் குசினி ஜன்னலால் உள்ளே விட்டு, அம்மிக்குப் பக்கத்தில் அழகாகச் சுருட்டி வைத்திருந்தார். அது எனக்குத் தெரியாமலில்லை. நான் அதை எடுத்துக் கையில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டேன். அவ்வளவுதான் எங்களுக்குள் நடந்த பேச்சுவார்த்தை.

"இழுக்கச் சொல்லு" என்பார் மருமகன். "இழுங்க உம்மா" என்பாள் மகள். நான் இழுப்பேன். கொப்பு வயரில் ஒருதரம் தட்டிவிட்டு நிற்கும். "இழுத்திட்டன் எண்டு சொல்லு" என்பேன்.

ஓர் இலைகூட அசையாத காலையில் எங்கள் வளவு முருங்கையின் ஒரு கொப்பு மட்டும் துள்ளுவதைப் பக்கத்து வீட்டு ராத்தா வேலிக்கு மேலால் பார்த்தார். பார்த்தவர் மெல்லப் பின்னுக்குப் போனார். கொஞ்ச நேரத்தில் ஒரு போத்தலில் ஓதின தண்ணியோடு வந்து, மரத்தடியைச் சுற்றித் தெளித்தார். பாவம், மரத்தில் ஜின் குடியேறிவிட்டது என்று நினைத்துவிட்டார். உண்மையைச் சொல்ல நான் வாயெடுக்கும்போது உள்ளே இருந்து "இழுங்க உம்மா" என்று கேட்டது. பழக்கத்தில் கை இழுத்துவிட்டது. ராத்தா போத்தலையும் போட்டுவிட்டு ஓடினார். அன்று தொடங்கி ஒரு கிழமைக்கு அவர் எங்கள் முருங்கைக்காய் கேட்டு வரவில்லை.

உள்ளே மருமகனுக்கு வேறு குழப்பம். ஒரு இழுப்புக்கு வேகம் பாதியாகத்தான் குறைய வேண்டும். ஆனால் ஒரு கைப்பிடியாக இருந்தது ஒரு நுள்ளாகிவிட்டது.

"மாமி ரெண்டு மூணு தரம் இழுத்தாவோ எண்டு கேளு."

எனக்குச் சுருக்கென்றது. "ஒருக்காத்தான் இழுத்தன் எண்டு சொல்லு" என்றேன்.

திரும்பவும் செய்தோம். திரும்பவும் ஒரு நுள்ளு. திரும்பவும் அதே கேள்வி, கொஞ்சம் மரியாதையாக. மாமியின் கை தவறுதலாக இரண்டாம் தரம் பட்டிருக்குமோ என்று. மூன்றாம் தரம் நான் சத்தம் கேட்கும்படி அம்மியில் ஒரு தட்டுத் தட்டி, ஒருக்கா இழுத்து, கயிற்றை நிலத்தில் போட்டேன். சீலை கொஞ்சம் விலகியது. ஒரு கண் எட்டிப் பார்த்தது. கயிறு நிலத்தில் கிடந்தது. கண் மறைந்தது.

அதற்குப் பிறகு மருமகன் என்னைச் சந்தேகிப்பதை விட்டுவிட்டுத் தன்னைச் சந்தேகிக்கத் தொடங்கினார். அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும் நேரம், ஹோலில் கதிரை தள்ளுப்படும் சத்தம் கேட்டது. பிழை பிடிபட்டுவிட்டது.

மகள் வந்து குசினியில் பலகையைப் போட்டு உட்கார்ந்தாள். ஒரு நல்ல செய்தி சொல்லும் முகமாகவும் இருந்தது, ஏதோ குறும்பு செய்யப்போகும் முகமாகவும் இருந்தது.

"கொப்பு ஒருக்காத் தட்டினா ஒரு பார்சல் மட்டும் தொலையிறல்ல உம்மா. அந்த நேரம் வயர்ல இரிக்கிற நாலஞ்சும் சேந்து தொலையுது. அது ஒரே அடிதான். ஆனா இவர்ர புரோகிராம் ஒவ்வொரு பார்சலுக்கும் தனித்தனியாக் கணக்கெடுத்து, பாதி, அதில பாதி, அதிலயும் பாதி எண்டு குறைச்சிட்டுப் போகுது. மறுகா ஒவ்வொரு நுள்ளாத்தான் கூட்டும். அது கூடி வாறத்துக்குள்ள அடுத்த காத்து வந்திரும்."

கொழும்பில் ஒன்று ஒன்றாகத் தொலைத்துப் பார்த்தார்கள், அதனால் ஒரு தடவைதான் குறைந்தது, அதனால் பிழை தெரியவில்லை என்றும் சொன்னாள். நான் தலையாட்டினேன். ஒரு சம்பவத்துக்கு இத்தனை தண்டனையா, என்ன புத்திகெட்ட புரோகிராம் என்று சொன்னேன்.

"ஓம். ஒரு நாள் ஒராள் கூட்டாளியிர வீட்டு விருந்தில மூக்குமுட்டத் திண்டுபோட்டு வந்து, உம்மாட சோத்தில பாதியையும் மீனையும் கத்தரிக்காயையும் மிச்சம் வெச்சாரு. அதுக்கு எத்தின தரம் குறைச்சீங்க?"

நான் அடுப்பைப் பார்த்தேன்.

"அதுக்குப் பிறகு மனிசன் என்னத்த திண்டு உயிரோட இரிக்காரு எண்டு தெரியுமா? பாண்காரர்ர சைக்கிள் மணி கேட்டா ஏன் ஓடுறாரு எண்டு நினைச்சீங்க? மேசை லாச்சிக்குள்ள பணிஸ் உம்மா. கடதாசியெல்லாம் சீனி."

சீலைக்கு அங்கால் லாச்சி ஒன்று மெதுவாக மூடப்படும் சத்தம் கேட்டது.

மருமகன் தன் பிழையைத் திருத்தினார். ஒரு தரம் குறைத்த பிறகு, குறைப்பதற்கு முன்னம் அனுப்பிய பார்சல்கள் எத்தனை தொலைந்திருந்தாலும் அவற்றுக்காக மறுபடி குறைக்கக் கூடாது. குறைத்த பிறகு அனுப்பியது தொலைந்தால்தான் அடுத்த குறைப்பு. அவருக்கு அதை எழுதுவதற்கு மூன்று நான்கு வரிதான் ஆனதாம். எனக்கு ஒரு வரியும் தேவைப்படவில்லை. இரவுச் சாப்பாட்டுக்கு ஒரு பீங்கான் நிறையப் போட்டுத் தள்ளினேன். கத்தரிக்காய் மட்டும் வைக்கவில்லை.

மாதம் முடிய வந்துவிட்டது. மேலதிகாரி தானே பார்க்க வேண்டும் என்றார். ஒரு காலையில் அவர் கொழும்பில் உட்கார்ந்து, படம் வந்து சேர்வதைப் பார்க்க, மருமகன் கைப்போனில் அவரோடு கதைத்துக்கொண்டு, எங்கள் கூடாத லைனில் படத்தை அனுப்புவதாக ஏற்பாடு. பெரிய படமாக வேண்டும் என்று கலியாண அல்பத்திலிருந்து ஒன்றை எடுத்திருந்தார்கள். வழியில் வேண்டிய அளவுக்குக் கொப்பு தட்ட வேண்டும். நத்தையாகாமல் போய்ச் சேர்ந்தால் நாங்கள் தப்பினோம்.

காற்று இல்லை. கயிறு என் பொறுப்பு. நான் குசினியில் நின்று முதல் தரம் இழுத்தேன், கொப்பு அசையவில்லை. முடிச்சு நழுவி மேலே ஏறிக் கயிறு வெளியே கூரை விளிம்பில் சிக்கியிருந்தது. உள்ளே "இழுக்கச் சொல்லு" என்று இரண்டாம் தரம் கேட்டது, குரல் கொஞ்சம் அவசரமாக. மகள் சொல்வதற்கு முன்னம் நான் பின்கதவால் வளவுக்குள் இறங்கிவிட்டேன். நிலத்தில் நின்றால் கயிறு எட்டவில்லை. கோழிக்கூட்டின் தகரத்தில் ஏறினால் எட்டியது. என் வயதில் ஏறக்கூடிய இடமல்ல. பக்கத்து வீட்டு ராத்தா வேலிக்கு மேலால் பார்த்துக்கொண்டிருந்ததை நான் கண்டுகொள்ளவில்லை.

இழுத்தேன். தட்டியது. இன்னொரு தரம் இழுத்தேன். நன்றாகத் தட்டியது. மூன்றாம் தரம், மகளை நினைத்துக்கொண்டு, இருக்கிற பலம் எல்லாம் சேர்த்து இழுத்தேன். முருங்கை மரத்தை அறிந்தவர்களுக்கு மிச்சம் சொல்லத் தேவையில்லை. கொப்பு முறிந்து, விழாமல் வயரிலேயே தொங்கி, ஊஞ்சல் போல ஆடத் தொடங்கியது. நான் தகரத்தின் மேல் மல்லாந்து விழுந்தேன். தகரம் உள்ளே போனது. கோழிகள் கத்தின. வேலிக்கு அங்கால் ராத்தா கலிமாச் சொல்லத் தொடங்கினார்.

முதலில் ஓடி வந்தது மருமகன். கைப்போன் காதில் இருந்தது. சீலை இல்லை, மகள் இல்லை, நடுவில் ஒன்றுமே இல்லை.

"மாமி" என்றார்.

என் முதுகு வலித்தது. முக்காடு எங்கேயென்று தெரியவில்லை. ஒரு வருஷத்துக்கு மேலாக ஒரே வீட்டில் இருந்துவிட்டு, என் மருமகனிடம் நான் நேரே கேட்ட முதல் கேள்வியைக் கேட்டேன்.

"போய்ச் சேந்திட்டா?"

அவர் குசினி ஜன்னலால் உள்ளே எட்டி, சீலை விலகிக் கிடந்த ஹோலில் கொம்பியூட்டரைப் பார்த்தார். மேலே வயரில் கொப்பு ஆடிக்கொண்டேயிருந்தது. நாங்கள் இத்தனை நாள் இழுத்த இழுப்பெல்லாம் சேர்த்தாலும் அவ்வளவு தட்டுத் தட்டியிராது.

"இன்னும் போகுது மாமி. குறையிது, கூடுது. நிக்கல்ல" என்றார்.

"அப்ப என்னப் பாக்காதீங்க, அதப் பாருங்க" என்றேன்.

கைப்போனில் மேலதிகாரி என்ன சத்தம் என்று கேட்டிருக்க வேண்டும். மருமகன் கோழிகளையும் என்னையும் ஒருமுறை பார்த்துவிட்டு, "டெஸ்டிங் நடக்குது சேர்" என்றார்.

படம் போய்ச் சேர்ந்தது. நான் மகளின் தோளைப் பிடித்து எழும்பி உள்ளே போவதற்குள் அது கொழும்பில் திறந்திருந்தது. கலியாண வீட்டுச் சாப்பாட்டுப் படம். சோறு குவித்த பெரிய சஹன் தட்டைச் சுற்றி மாப்பிள்ளையும் கூட்டாளிகளும் உட்கார்ந்திருப்பார்கள். பின்னால் கதவிடுக்கில் ஒரு கையும் கரண்டியும் மட்டும் தெரியும். அந்தக் கை யாருடையது என்று மேலதிகாரி கேட்டாராம். படத்தை அனுப்பியதும் அந்தக் கைதான் என்று மருமகன் சொன்னாராம். இதை மகள் சொல்லித்தான் அறிந்தேன். நான் அப்போது முதுகுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டு படுத்திருந்தேன்.

கொழும்புக்கு வரத் தேவையில்லை என்று அன்றே சொல்லிவிட்டார்கள். அதோடு இன்னொன்றும் சொன்னார்கள். இனிமேல் புதிதாக எதைச் செய்தாலும் அதை வெளியே விடுவதற்கு முன்னம் அந்த வீட்டு லைனில் ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும், அவ்வளவு கூடாத லைன் கொம்பனிக்கு வேறெங்கும் இல்லை என்று. இதைக் கேட்டு மருமகன் சந்தோஷப்பட்டார். எனக்கு மட்டும்தான் யோசனையாக இருந்தது. ஏனென்றால் அந்த லைனைக் கூடாததாக்கிய கொப்பு அப்போது முறிந்து வயரில் தொங்கிக்கொண்டிருந்தது. அடுத்த நாள் தம்பிலுவில் மனிதர் ஏணியோடு வந்தார். இந்தத் தடவை வீட்டில் ஆம்பிளை இருந்தார். முறிந்த கொப்பை அறுத்து இறக்கிவிட்டு, புதுவயர் இழுத்து, இனி ஒரு குறையும் வராது என்று சொல்லிப் போனார். பச்சை லைட் விக்காமல் கொள்ளாமல் எரிந்தது. பார்க்கவே பயமாக இருந்தது.

முறிந்த கொப்பு வேலியோரம் கிடந்தது. பின்னேரம் நான் அதை ஒரு கை நீளத்துக்கு வெட்டி எடுத்து, புதுவயருக்கு நேர் கீழே குழி தோண்டி நட்டு, கோழி எருவும் போட்டேன். மகள் பார்த்தாள். போய்த் தண்ணி கொண்டு வந்து ஊற்றினாள்.

பேரப்பிள்ளை இந்த வீட்டில்தான் பிறந்தது. அது தவழும்போது முருங்கை என் தலைக்கு மேலே போயிருந்தது. அது நடக்கும்போது புதுக் கொப்பு ஒன்று வயருக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றது. சீலை அப்போதும் தொங்கியது, ஆனால் பாதி திறந்திருக்கும். மருமகன் "போதும் மாமி" என்று நேரே சொல்வார். நானும் கேட்டுக்கொண்டு இன்னொரு கரண்டி போடுவேன்.

ஒரு காலை வாசலில் ஏணி சாத்தப்படும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். அதே மனிதர், தலை கொஞ்சம் நரைத்திருந்தது. முருங்கையையும் வயரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இத ஆரம்மா வயருக்கு நேர கீழ கொண்டு வந்து நட்டது? இன்னும் கொஞ்ச நாளில தட்டும். இப்பவே வெட்டிவிட்டா நல்லம்."

நான் கதவுக்குப் பின்னால் போய் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டேன்.

"ஆம்பிளை இல்லாத வீடு, தம்பி."

ஹோலில் கொம்பியூட்டர் தட்டும் சத்தம் நின்றது. பிறகு மருமகன் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, அடிமேல் அடிவைத்துக் குசினிக்குள் வந்து, எனக்குப் பக்கத்தில் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டார்.